புதுவீட்டு உள்சுவருக்குப் பெயின்ட்: ஈரமான ஊருக்கு 27 குறிப்புகள்

வரக்காப்பொல, கேகாலை, யட்டியாந்தோட்டை, தெரணியகல, இரத்தினபுரி என்று நம் பக்கத்தில் எங்கே வீடு கட்டினாலும் சுவருக்கு முதல் எதிரி ஈரம்தான். மே மாதம் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை இழுக்கும். அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பர் மாதத்து மாலை இடிமழை. ரப்பர் மலையடிவாரத்தில் இருக்கும் வீடு என்றால் மழை விட்ட பிறகும் மரநிழல் சுவரைக் காயவிடாது.

தோட்ட வீடமைப்பில் கிடைத்த 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடாகட்டும், சீட்டுக் கட்டியும் நகை அடகு வைத்தும் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிய வீடாகட்டும், பெயின்ட் அடிப்பது கடைசியில் மிஞ்சுகிற காசில்தான். அந்தக் காசு ஒரே வருடத்தில் பொருக்குப் பொருக்காக உதிராமல் இருக்க வேண்டுமானால், நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். அந்த வரிசையிலேயே இந்தக் குறிப்புகளும் வருகின்றன.

சுவர் காயும் வரை

1. மாதம் பார்த்து இறங்குங்கள். நம் பக்கத்தில் பெயின்ட் வேலைக்குத் தோதான காலம் தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிப் பெப்ரவரி கடைசி வரை. மார்ச், ஏப்ரலில் காலை வெயில் நன்றாக இருக்கும்; பின்னேரம் இடிமழை வரும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் அன்றைய பூச்சை முடித்துவிடுங்கள். ஜூலை, ஓகஸ்டில் இடையிடையே வெயில் நாட்கள் கிடைக்கும். தொடர்ந்து மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகே அப்போது டின்னைத் திறக்கலாம்.

2. சாந்துப் பூச்சுக்கு ஒரு மாதமாவது விடுங்கள். பூசி முடித்த சீமெந்துச் சுவருக்கு முதல் ஒரு வாரம் தண்ணீர் அடிக்க வேண்டும். அப்போதுதான் சீமெந்து இறுகும். அதன் பிறகு குறைந்தது நான்கு வாரம் காயவேண்டும். மழை மாதமாக இருந்தால் அதை எட்டு வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு வெளிறிவிட்டால் சுவர் காய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் இருக்கும் தண்ணீர் மெதுவாகத்தான் வெளியே வரும். பெயின்ட் அதன் வழியை அடைத்தால் அந்தத் தண்ணீர் பெயின்ட்டையே கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

3. பொலித்தீன் வைத்துச் சோதியுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் தெளிவான பொலித்தீன் துண்டொன்றை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும் அப்படியே இருக்கட்டும். எடுக்கும்போது உட்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று, மலைப்பக்கத்துச் சுவரில் ஒன்று என்று மூன்று இடங்களில் பாருங்கள். மூன்றும் தேறினால்தான் வேலை தொடங்கலாம்.

4. மேட்டைச் செதுக்கிய வீட்டின் பின்சுவரைத் தனியாகக் கவனியுங்கள். மலைச்சரிவில் காணி கிடைத்தவர்கள் மேட்டை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுக்கிறார்கள். வெட்டிய மண் சுவரோடு ஒட்டி நின்றால், மழைத் தண்ணீர் மண்ணிலிருந்து நேரே குசினிச் சுவருக்குள் இறங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்ட்டும் அதைத் தடுக்காது. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகும் அளவுக்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் தண்ணீர் தேங்காமல் வழிந்தோடும்படி சீமெந்துக் கான் ஒன்று வேண்டும். கானின் அடி, வீட்டுத் தரைமட்டத்தை விடக் கீழே இருக்கவேண்டும். வெட்டிய மேட்டில் வெடிப்போ, மண் சரிந்த அடையாளமோ தெரிந்தால் பெயின்ட் பேச்சை விட்டுவிட்டுக் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். கேகாலை மாவட்டத்துக்கு 2016 மே மாதத்து அரநாயக்க மண்சரிவு மறக்கக்கூடிய ஒன்றல்ல.

5. ஒழுக்கை அடைத்துவிட்டுச் சுவருக்கு வாருங்கள். கூரைத்தகட்டின் ஆணித்துளை, சிலேப் மூலை, ஜன்னல் சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு, சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயின் மூட்டு ஆகிய நான்கும்தான் வழக்கமான ஒழுக்கு வழிகள். ஒரு பெருமழை நாளில் வீட்டுக்குள் நின்று நான்கையும் பார்த்துவிடுங்கள்.

6. உவர் பூத்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். புதுச்சுவரில் உப்புப்போல வெள்ளைத்தூள் பூப்பது, உள்ளிருக்கும் ஈரம் சீமெந்திலும் மணலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருவதால். கழுவினால் அந்த உப்பு மறுபடி உள்ளே போய், மறுபடி பூக்கும். காய்ந்த தும்புத் தூரிகையால் தேய்த்து உதிர்த்துத் தூளைக் கூட்டி அள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். திரும்பப் பூத்தால் மறுபடியும் தேய்த்துவிட்டுக் காத்திருங்கள். பூப்பது நின்ற பிறகே, பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் சீலரைப் பூசலாம்.

7. கறுப்புப் புள்ளிகளைக் கொன்றுவிட்டுப் பூசுங்கள். கட்டி முடித்து ஒரு மழைக்காலம் சும்மா கிடந்த வீட்டில் மூலைகளில் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் அது பெயின்ட்டைத் தாண்டி வெளியே வரும். கடையில் விற்கும் வெளுப்புத் திரவம் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துத் தடவி, கால் மணிநேரம் விட்டு, தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கக்கூஸ் கழுவும் அமிலத் திரவத்தோடு இதை ஒருபோதும் கலக்காதீர்கள். அப்படிக் கலந்தால் கிளம்பும் வாயு உயிருக்கே ஆபத்து.

8. பழைய சுண்ணாம்பின் மேல் பெயின்ட் ஒட்டாது. லயத்துக் காம்பராவோடு சேர்த்துப் புதிதாக ஓர் அறை இறக்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பல தீபாவளிகளுக்கு அடித்த சுண்ணாம்பு சுவரில் அடுக்கடுக்காக இருக்கும். சுவரில் டேப் ஒன்றை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். வெள்ளைத்தூள் டேப்போடு வந்தால் பெயின்ட்டும் அப்படியேதான் வரும். நனைத்துச் சுரண்டி, தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு தூளைக் கட்டும் சீலர் ஒன்றைப் பூசிய பின்தான் எமல்ஷன்.

9. மண்சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. வரிச்சுக் கட்டி மண் அப்பிய அறை இன்னும் சில வீடுகளில் குசினியாகவோ சாமான் அறையாகவோ நிற்கிறது. மண்சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி விடும். எமல்ஷன் அதன் மூச்சை அடைத்துவிடும், சுண்ணாம்பு அடைக்காது. கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றுங்கள். அது கொதித்துத் தெறிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். மறுநாள் துணியில் வடித்து, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் உப்பும் சோற்றுக் கஞ்சியும் சேர்த்தால் கையில் ஒட்டாது. துளி நீலம் விட்டால் வெண்மை எடுப்பாகத் தெரியும். சுவரை லேசாக நனைத்துவிட்டு, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள்.

ஹார்ட்வெயார் கடைக்குப் போகுமுன்

10. அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 10 அடிக்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரின் நீளம் 44 அடி. உயரம் 9 அடி என்றால் 44-ஐ 9-ஆல் பெருக்க 396 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 359. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டின்னில் இதைவிடக் கூடுதலாக எழுதியிருக்கும். அது வழுவழுப்பான சுவருக்கான கணக்கு. ஆக ஒரு தடவைக்கு 3.6 லீற்றர், இரண்டு தடவைக்கு 7.2 லீற்றர். 4 லீற்றர் டின் இரண்டு வாங்கினால் அறை முடிந்து, பின்னால் கீறல் விழும் இடங்களைத் தொட்டுவிடவும் கொஞ்சம் மிஞ்சும். சீலர் ஒரு தடவைக்கு 4 லீற்றர் டின் ஒன்று போதும். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று அறைகள் என்றால் 10 லீற்றர், 20 லீற்றர் வாளியின் விலையையும் கேட்டு, லீற்றர் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

11. சீலரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். புதுச் சீமெந்தில் காரம் மிக அதிகம். அந்தக் காரம் ஈரத்தோடு சேர்ந்து பெயின்ட்டில் உள்ள பசையைத் தின்றுவிடும். நிறம் திட்டுத்திட்டாக வெளுப்பதும், விரல் வைத்தால் மாவாக வருவதும் பெரும்பாலும் இதனால்தான். கடையில் வெறுமனே ‘வோல் பிரைமர்’ என்று கேட்காமல், புதுச் சீமெந்துச் சுவருக்கான, காரத்தைத் தாங்கும் சீலர் என்று சொல்லிக் கேளுங்கள். சீலர் அடித்த சுவர் பெயின்ட்டைக் குடிக்காது. மேல்பூச்சு ஒரே சீராக விழும். எமல்ஷனும் குறைவாகச் செலவாகும். சீலரை விட்டுவிட்டு மூன்றாவது தடவை எமல்ஷன் அடிப்பவர் அதே காசைத்தான் செலவழிக்கிறார், பலன் இல்லாமல்.

12. டின்னைத் திருப்பிப் படியுங்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்எல்எஸ் முத்திரை, உற்பத்தித் திகதி, தொகுதி இலக்கம், ஈயத்தின் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் ஒழுங்குவிதிப்படி 2013 ஜனவரி 1 முதல் எமல்ஷனில் பத்து இலட்சத்துக்கு 90 பங்கு, எனாமலில் 600 பங்கு என்று ஈயத்துக்கு உச்ச வரம்பு வந்தது. முத்திரையும் முகவரியும் இல்லாத மலிவு எனாமலைப் பிள்ளைகள் கைபடும் கதவு, கட்டில், தொட்டில் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டின்கள் எல்லாம் ஒரே தொகுதி இலக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தொகுதி மாறினால் நிறம் ஒரு நூல் மாறும்.

13. இடத்துக்கு ஏற்ற வகை. படுக்கை அறைக்கும் ஹோலுக்கும் மங்கல் எமல்ஷன்: மேசன் வேலையின் மேடு பள்ளத்தை மறைக்கும், விலையும் குறைவு. பிள்ளைகள் கை வைக்கும் இஸ்தோப்பு, நடைபாதை, குசினிக்குக் கழுவக்கூடிய, லேசாகப் பளபளக்கும் வகை. குளியலறைக்குப் பூஞ்சணத்தைத் தாங்கும் வகை. கதவு, ஜன்னல், கிராதிக்கு எனாமல். சுவர் முழுக்க எனாமல் அடித்தால் கழுவ வசதிதான். ஆனால் ஈரமுள்ள புதுச்சுவரில் அது தோல் உரிவதுபோல உரியும். வேண்டுமானால் ஒரு வருடம் எமல்ஷனோடு இருந்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

14. நிறத்தைச் சுவரில் பாருங்கள், அட்டையில் அல்ல. மரநிழலில் உள்ள வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாகவும் பசுமை தோய்ந்தும் வரும். கடை அட்டையில் மென்மையாகத் தெரிந்த பச்சையும் நீலமும் அந்த வெளிச்சத்தில் பாசிபோல இருண்டுவிடும். வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள், பாதாம் நிறங்கள் சின்ன அறைக்கு வெளிச்சம் கூட்டும். மிகச் சிறிய டின் ஒன்று வாங்கி, இரண்டு அடிச் சதுரமாக இரண்டு சுவர்களில் பூசிக் காயவிட்டு, காலையிலும் மாலையிலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பாருங்கள். சிலிங்குக்கு எப்போதும் வெள்ளை.

15. பெயின்ட் பாஸோடு முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நாள் கூலியா, சதுர அடிக் கணக்கா? சீலர் ஒன்று, எமல்ஷன் இரண்டு என்று எத்தனை தடவை? புட்டி எந்தெந்தச் சுவருக்கு? பிரஷ், ரோலர், ஏணி யாருடையவை? மழையால் வேலை நின்றால் அந்த நாளுக்குக் கூலி உண்டா? மிச்சப் பெயின்ட் யாருக்கு? சாப்பாடும் தேத்தண்ணியும் வீட்டிலா? ஒரு கொப்பித் தாளில் இவ்வளவும் எழுதி இருவரும் ஒப்பமிட்டால், “அண்ணே, இது நம்ம பேசலையே” என்ற பேச்சு வராது. நாள் கூலி என்றால் ஆள் ஆற அமரச் செய்வார். சதுர அடி என்றால் விரைவில் முடிப்பார். பின்னதில் ஒவ்வொரு பூச்சும் முடிந்ததும் நீங்கள் பார்த்த பிறகே அடுத்தது என்று சொல்லிவையுங்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, பில்லை வைத்துக்கொள்வது நல்லது.

பூசும் நாட்களில்

16. அறையைக் காலி செய்யுங்கள். பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு சுவிட்ச், பிளக் மூடிகளைக் கழற்றி வையுங்கள். திறந்திருக்கும் வயர்களை டேப்பால் சுற்றுங்கள்; அதில் கை வைக்கத் தயக்கமிருந்தால் மின் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். தரைக்கு உரச்சாக்கைப் பிரித்து விரித்தால் போதும். வெறும் பொலித்தீன் ஏணிக்கடியில் வழுக்கும். மேசை மேல் கதிரை போட்டு ஏறுவது வேண்டவே வேண்டாம்.

17. புட்டி மெல்லியதாக. சுவர் முழுவதும் புட்டி இழுத்தால் அழகுதான்; செலவும் அதிகம். வெடிப்பு, ஆணித்துளை, வயர் போட்டு மூடிய கோடு ஆகியவற்றுக்கு மட்டும் இழுத்தாலும் வீடு நன்றாகவே இருக்கும். தடிப்பாக ஒரே தடவை அப்பினால் காயும்போது வெடிக்கும். மெல்லியதாக இரண்டு தடவை இழுத்து, நன்றாகக் காய்ந்தபின் 120 இலக்க சேண்ட் பேப்பரால் தேய்த்து, 180-ஆல் முடியுங்கள். மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்ளுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி டோர்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தால்தான் சீலர் பிடிக்கும். புட்டி வைத்த இடங்களுக்குச் சீலரை இன்னொரு தடவை தொட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

18. மேலிருந்து கீழே. முதலில் சிலிங், பிறகு சுவர், பிறகு கதவு ஜன்னல், கடைசியில் தரையோரப் பட்டி. சொட்டுவது எப்போதும் இனிமேல் பூசப்போகும் இடத்தில்தான் விழவேண்டும்.

19. டின்களை ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். ஓர் அறைக்கு வேண்டிய பெயின்ட் முழுவதையும் பெரிய வாளியொன்றில் ஊற்றி, அடி மண்டி கரையும் வரை தட்டையான பலகையால் கிளறுங்கள். டின்னுக்கு டின் உள்ள நிற வித்தியாசம் இதில் போய்விடும். தண்ணீர் எவ்வளவு விடலாம் என்பது டின்னிலேயே இருக்கும். அதற்குமேல் ஒரு கோப்பைகூட வேண்டாம். தண்ணீர் கூடினால் நிறம் மூடாது, வழியும், சீக்கிரம் மாவாகும். கிணற்றுத் தண்ணீர் செம்மண் கலங்கியிருந்தால் துணியில் வடித்துத் தெளிந்ததை மட்டும் பாவியுங்கள். எனாமலுக்குத் தின்னர்தான், மண்ணெண்ணெய் விட்டால் பிசுபிசுப்பு நாட்கணக்கில் போகாது.

20. ஓரம் காயுமுன் அடுத்த இழுப்பு. மூலை, சிலிங் ஓரம், சுவிட்சைச் சுற்றிய இடம் ஆகியவற்றை இரண்டு அங்குல பிரஷால் முதலில் பூசிக்கொள்ளுங்கள். அது காய்வதற்குள் ரோலரால் நடுவை நிரப்புங்கள். ஒரு சுவரைப் பாதியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகவேண்டாம். விட்ட இடம் கோடாக நிற்கும். பிரஷை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோய்க்காதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் பெயின்ட் முழுதாகக் காயுமுன் மெல்லச் சரித்து இழுத்து எடுங்கள்.

21. மழை இறங்கினால் கையை நிறுத்துங்கள். டின்னில் மறுபூச்சுக்கு இரண்டு அல்லது நான்கு மணிநேரம் என்று போட்டிருந்தாலும், காற்று ஈரமாக இருக்கும் நாளில் அதை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மறுநாளைக்கு விடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று ஓடவிடுங்கள். சுவர் காயவேண்டுமென்று அறைக்குள் விறகோ கரியோ மூட்டாதீர்கள். எரியும் நெருப்பு ஈரத்தையும் புகையையும் சேர்த்தே சுவரில் படியவிடும். மூடிய அறையில் மனிதருக்கும் ஆபத்து. புதுப் பூச்சில் இரவு ஈரம் படிந்து, பிசுபிசுப்பான தேன்நிறக் கோடுகள் வழிந்திருந்தால் பயப்பட வேண்டாம். பெயின்ட்டில் உள்ள சோப்புப்போன்ற பொருள் வெளியே வந்திருக்கிறது. சுவர் காய்ந்தபின் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

22. அடுப்புச் சுவரைத் தனியாக நினையுங்கள். ரப்பர் விறகு எரிக்கும் வீட்டில் அடுப்புக்குப் பின்சுவர் சூட்டையும் கரியையும் நேரடியாக வாங்கும். அந்த இடத்துக்கு எமல்ஷன் வேண்டாம். அடுப்பு மட்டத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்கு ஓடு பதியுங்கள், அல்லது சீமெந்தை வழுவழுப்பாகத் தேய்த்து அப்படியே விடுங்கள். மற்றச் சுவர்களுக்குக் கழுவக்கூடிய எமல்ஷன். ஏற்கனவே புகை பிடித்த சுவரை முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, கறையை மறைக்கும் சீலர் பூசவேண்டும். இல்லாவிட்டால் எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் மஞ்சள் கசிந்து வரும். புகை மேலே போகும் வழி ஒன்றை வைத்துவிட்டால் வீடு முழுவதும் வெள்ளை நீடிக்கும்.

23. பழைய கதவு வாங்கியிருந்தால் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். உடைத்த கட்டடங்களின் கதவு, ஜன்னல் மலிவாகக் கிடைக்கும். மரமும் நல்ல மரமாக இருக்கும். ஆனால் அதில் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் உரசினால் தூள் வீடெங்கும் பரவும். எரித்து உரித்தாலும் ஆவி நஞ்சுதான். வீட்டுக்கு வெளியே வைத்து, தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, கழிவைத் தாளில் அள்ளிக் கட்டிப்போடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

பூசி முடித்த பிறகு

24. பால் காய்ச்சும் நாளைக் கடைசிப் பூச்சோடு ஒட்டி வைக்காதீர்கள். நாள் குறிக்கும்போதே கடைசிப் பூச்சுக்கும் குடிபுகுதலுக்கும் நடுவே ஒரு வாரம் விடுங்கள். நெடி போக, கதவு ஜன்னல் எனாமல் கையில் ஒட்டாமல் இறுக அவ்வளவு வேண்டும். கைக்குழந்தையும் இழுப்பு நோயாளியும் இருந்தால் இன்னும் சில நாள் தள்ளிப் படுக்கவைப்பது நல்லது. எமல்ஷன் தொட்டால் காய்ந்திருக்கும். ஆனால் முழுதாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். பின்னால் காற்று ஓடாத இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

25. சாமிப் படத்துக்குப் பின்னால் ஓடு. விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் ஒரே இடத்தில் படிந்து கறுப்பாகும். சாமிப்பலகைக்குப் பின்னால் இரண்டு அடிக்கு ஓடோ கண்ணாடியோ பதித்துவிட்டால் துடைத்துக்கொள்ளலாம். மஞ்சளும் குங்குமமும் மங்கல் எமல்ஷனில் பட்டால் கறை போகாது. பட்டையும் பொட்டும் எனாமல் அடித்த நிலைச்சட்டத்தில் வைத்தால் ஈரத்துணியால் எடுத்துவிடலாம்.

26. மிச்சத்தை மூடி, கழிவை ஒதுக்குங்கள். மீதிப் பெயின்ட்டைச் சின்ன டப்பாவில் வாய்வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். டப்பாவில் காற்று குறைந்தால் ஆடை படியாது. மூடியில் நிறத்தின் இலக்கம், அறை, திகதி மூன்றையும் எழுதுங்கள். பிரஷ் கழுவிய தண்ணீரைப் பீலிக்கோ கானுக்கோ ஓடைக்கோ விடாமல், கிணற்றுக்குத் தூரமாக ஒரு குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். தின்னர் நனைந்த துணியைச் சுருட்டி அடுப்படியில் போடாதீர்கள். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்கு.

27. கை இறுக்கமாக இருந்தால் எதை விடலாம்? சுவர் முழுவதும் இழுக்கும் புட்டியை விடலாம். ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் தனி நிறம் என்ற ஆசையை விடலாம். விலை கூடிய பளபளப்பு வகையை விடலாம். எல்லா அறையையும் ஒரே தடவையில் முடிக்கவேண்டும் என்பதையும் விடலாம்: இந்த வருடம் ஹோலும் ஒரு படுக்கை அறையும், அடுத்த தைக்கு மற்றவை. பின்பக்கத்துக் கான், காய்வதற்கான அந்த நான்கு வாரம், சீலர், இரண்டு தடவை எமல்ஷன் ஆகிய நான்கை மட்டும் விடக்கூடாது. எமல்ஷனுக்குக் காசு போதாவிட்டால் சீலரோடு நிறுத்திக்கொண்டு குடிபுகுங்கள். வெள்ளைச் சீலர் அடித்த சுவரில் ஒரு வருடம் இருந்தால் எந்த மூலையில் ஈரம் வருகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த மூலையைச் சரிசெய்து, சுவரை ஒருமுறை துடைத்துவிட்டு, அடுத்த பெப்ரவரியில் பிடித்த நிறத்தை வாங்கி அடியுங்கள்.